ஃபேட்டி லிவர், குடல் பாக்டீரியா, புரோபயாட்டிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வருகிறவர்களின் சந்தேகங்கள் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. இப்போது அதோடு புரோபயாட்டிக் பற்றிய கேள்விகளும் சேர்ந்துகொண்டன. வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்கள் அதற்கு ஒரு காரணம். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரைக் கேட்டுத்தான்.

1. "வயித்து வலின்னு ஸ்கேன் எடுத்தோம். ஃபேட்டி லிவர் கிரேடு 1னு போட்டிருக்கு. பயப்படணுமா?"

பயப்பட வேண்டாம், ஆனால் ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடவும் வேண்டாம். கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு தேங்கினால் அது ஃபேட்டி லிவர். ஸ்கேனில் அந்தக் கல்லீரல் வழக்கத்தைவிட வெளிச்சமாகத் தெரியும். எவ்வளவு வெளிச்சம் என்பதைத்தான் கிரேடு 1, 2, 3 என்று எழுதுகிறார்கள்.

அந்த எண் கொழுப்பைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. உண்மையில் கவலைப்பட வேண்டியது தழும்பைப் பற்றி. ஃபைப்ரோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். கிரேடு 1 உள்ளவருக்குத் தழும்பு இருக்கலாம், கிரேடு 3 உள்ளவருக்கு இல்லாமலும் இருக்கலாம். அதனால் "என்ன கிரேடு" என்று கேட்பதை விட்டுவிட்டு, "தழும்பு இருக்கிறதா" என்று மருத்துவரிடம் கேளுங்கள். வயது, ரத்தப் பரிசோதனையில் வரும் கல்லீரல் என்சைம்களான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் எண்ணிக்கை ஆகிய நான்கையும் வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்குப் போடுவார்கள். 1.3-க்குக் கீழே வந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கோடு 2.0. 2.67-க்கு மேலே போனால் கல்லீரல் நிபுணரைப் பார்த்தே ஆகவேண்டும். நடுவில் நின்றால், கல்லீரலின் விறைப்பை அளந்து தழும்பைக் கணிக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

2. "எனக்குக் குடிப்பழக்கமே கிடையாதுங்க. எனக்கு எப்படி வந்துச்சு?"

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலர் முகத்தில் ஒரு கூச்சம் தெரியும், சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று. கூச்சமே தேவையில்லை. இந்தியப் பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வந்த கணக்குப்படி சுமார் 38.6 சதவீதம் பேருக்கு, குடியால் வராத ஃபேட்டி லிவர் இருக்கிறது. இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ட்ரைகிளிசரைடு என்று வளர்சிதை மாற்றக் கோளாறுகளோடு சேர்ந்து வருவது இது. அதனால்தான் 2023-ல் சர்வதேசக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் கூடி, பழைய பெயரை மாற்றி, வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கல்லீரல் நோய் என்று புதுப் பெயர் வைத்தன. சுருக்கமாக மாஸ்ல்ட். ரிப்போர்ட்டில் இந்தப் பெயரைப் பார்த்தால் புது வியாதி என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வரும். நம் ஊர் உடல்வாகில் கை, கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்பது சகஜம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் இடுப்புச் சுற்றளவு இருந்தால், எடை மெஷின் என்ன சொன்னாலும் சர்க்கரையையும் கல்லீரலையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

3. "எஸ்ஜிபிடி நார்மல்னு வந்திருக்கே. அப்புறம் என்ன?"

எஸ்ஜிபிடி நார்மலாக இருந்தும் கொழுப்பும் தழும்பும் இருக்கலாம். அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

4. "குடல் எங்க இருக்கு, கல்லீரல் எங்க இருக்கு! குடல்ல இருக்குற பாக்டீரியாவுக்கும் லிவருக்கும் என்ன சம்பந்தம்?"

கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு நேராகக் குடலிலிருந்து வருகிறது. போர்டல் நாளம் என்ற பெரிய ரத்தக் குழாய் குடல் உறிஞ்சியதை எல்லாம் முதலில் கல்லீரலில் கொண்டுவந்து இறக்குகிறது. மாட்டுத்தாவணியில் வந்து இறங்கும் சரக்கைப் போல, நல்லதும் அழுகினதும் ஒரே லாரியில்தான் வரும். பிரித்துப் போடும் வேலை கல்லீரலுடையது.

நம் உடம்பில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ல் ஒரு கணக்கு வந்தது. பெரும்பாலானவை பெருங்குடலில். நார்ச்சத்து கிடைத்தால் அவை அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. குடல் சுவரில் இருக்கும் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். நார்ச்சத்து குறைந்து, சர்க்கரையும் கொழுப்பும் கூடிப்போனால் பாக்டீரியாக் கூட்டத்தின் சேர்மானம் மாறுகிறது, குடல் சுவரின் இறுக்கம் தளர்கிறது. சில வகை பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள எண்டோடாக்ஸின் என்ற நச்சு அந்த இடைவெளி வழியாகக் கசிந்து கல்லீரலுக்குப் போகிறது. அங்கே காவலுக்கு இருக்கும் குப்ஃபர் செல்கள் உஷாராகி அழற்சியைக் கிளப்பிவிடுகின்றன. ஏற்கெனவே கொழுப்பு தேங்கிய கல்லீரலில் இந்த அழற்சியும் சேர்ந்தால், நாளடைவில் தழும்பு விழுகிறது.

இதை முதலில் காட்டியவை எலி ஆய்வுகள். கிருமியே படாமல் வளர்த்த எலிகளுக்குச் சாதாரண எலியின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்தபோது, இரண்டே வாரத்தில் அவற்றின் உடல் கொழுப்பு சுமார் 60 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் ஜெஃப்ரி கார்டனின் ஆய்வகம் 2004-ல் வெளியிட்டது இது. எலியில் நடந்தது மனிதரில் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இந்தத் துறை முழுவதும் அங்கிருந்துதான் வேகம் பிடித்தது.

5. "குடிக்காதவங்க வயித்துல தானாவே சாராயம் ஊறும்னு ஒரு வீடியோ பார்த்தேன். நிஜமா?"

சிலருக்கு நிஜம். கடுமையான ஃபேட்டி லிவர் உள்ள ஒரு நோயாளி மதுவே தொடாமல், மாவுச்சத்தோ சர்க்கரையோ சாப்பிட்டால் போதையாகிவிடுவதை பெய்ஜிங்கில் ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். அவர் குடலில் க்ளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியாவின் ஒரு ரகம் ஏராளமாகச் சாராயம் தயாரித்துக்கொண்டிருந்தது. பிறகு ஃபேட்டி லிவர் உள்ள வேறு சிலரைப் பரிசோதித்தபோது, சுமார் 60 சதவீதம் பேரின் குடலில் சாராயம் அதிகம் தயாரிக்கும் ரகங்கள் இருந்தன. அந்த பாக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் ஃபேட்டி லிவர் வந்தது. 2019-ல் வெளியான ஆய்வு இது.

ஆனால் ஆய்வு செய்தது சிறிய கூட்டம்தான், அதுவும் சீனாவில். அந்த 60 சதவீதத்தை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. போதை வரும் அளவுக்குச் சாராயம் ஊறுவது மிக அபூர்வம். வீடியோவைப் பார்த்துவிட்டு வீட்டில் ஒருத்தர் மேல் ஒருத்தர் சந்தேகப்பட வேண்டியதில்லை.

6. "கெட்ட பாக்டீரியாதான் காரணம்னா, ஆன்டிபயாட்டிக் போட்டு ஒரேயடியா கொன்னுடலாமே?"

கூடாது. ஆன்டிபயாட்டிக் நல்லது கெட்டது பார்த்துக் கொல்லாது. 4-வது கேள்வியில் சொன்ன பியூட்டிரேட் தரும் பாக்டீரியாக்களும் சேர்ந்தே போய்விடும். மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கி, மூன்று நாள் போட்டுவிட்டு நிறுத்துகிற பழக்கம் நம்மிடம் அதிகம். குடலுக்கு இதைவிடக் கெடுதலான பழக்கங்கள் குறைவு.

7. "புரோபயாட்டிக்னா என்னங்க? தயிர்தானே?"

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் 2001-ல் கொடுத்த விளக்கம் இது: போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிரிகள். உயிரோடு இருக்கவேண்டும், போதிய அளவு இருக்கவேண்டும், நன்மை நிரூபிக்கப்பட்டிருக்கவேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர்.

வீட்டுத் தயிரில் உயிருள்ள லாக்டிக் பாக்டீரியாக்கள் நிறைய உண்டு. ஆனால் உங்கள் வீட்டு உறையில் இருப்பது எந்த ரகம், எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். அதனால் கறாரான அர்த்தத்தில் அது புரோபயாட்டிக் ஆகாது. நல்ல உணவு என்பதில் மட்டும் சந்தேகமில்லை. தயிரை ஆரோக்கியத்தோடு சேர்த்துப் பேசிய முதல் பெரிய விஞ்ஞானி இலியா மெச்னிகோஃப். பல்கேரியக் கிராமத்தார் நீண்ட நாள் வாழ்வதற்குப் புளித்த பால்தான் காரணம் என்று நம்பினார். 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் தயிருக்காக அல்ல. நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக.

8. "அப்ப புரோபயாட்டிக் கேப்ஸ்யூல் சாப்பிட்டா ஃபேட்டி லிவர் போயிடுமா?"

போகாது. இந்தப் பக்கத்திலேயே அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். சிறிய ஆய்வுகள் பலவற்றில் எஸ்ஜிபிடி கொஞ்சம் குறைந்திருக்கிறது, சிலவற்றில் கொழுப்பும் குறைந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு பாக்டீரியா, வேறு வேறு அளவு, ஆட்களும் குறைவு, காலமும் குறைவு. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் 104 பேரை வைத்து ஏறக்குறைய ஓராண்டு நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. பாதிப் பேருக்கு பிஃபிடோபாக்டீரியமும் அதற்குத் தீனியாக ஒரு நார்ச்சத்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். குடல் பாக்டீரியாவின் சேர்மானம் மாறியது. கல்லீரல் கொழுப்பில் மற்றவர்களைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை, தழும்பின் அடையாளங்களும் மாறவில்லை. என்னைக் கேட்டால், மாதம் ஆயிரக்கணக்கில் கேப்ஸ்யூலுக்குச் செலவழிக்கும் பணத்துக்குக் காய்கறியும் பயறும் வாங்குங்கள். காரணம் 13-வது கேள்வியில் இருக்கிறது.

9. "எங்க டாக்டரே எழுதிக் கொடுத்திருக்காரே?"

எதற்காகக் கொடுத்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆன்டிபயாட்டிக்கோடு வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க, குழந்தைகளின் பேதிக்கு, வயிற்று உப்புசத்துக்கு என்று பல காரணம் இருக்கலாம். ஃபேட்டி லிவருக்கென்றே கொடுத்திருந்தால், எத்தனை நாள், எதை வைத்துப் பலனை அளப்பது என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாங்கினால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பாக்டீரியாவின் முழுப் பெயர், ஒரு கேப்ஸ்யூலில் எத்தனை கோடி உயிரணுக்கள், காலாவதித் தேதி, எந்த வெப்பத்தில் வைக்கவேண்டும் என்பது இருக்கவேண்டும். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் பாதி நாள் கிடந்த அட்டையில் எவ்வளவு உயிரோடு இருக்கும் என்பது சந்தேகம். சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் வரும் பாசிலஸ் வகைகள் வித்து வடிவில் இருப்பதால் வெப்பத்தைத் தாங்கும். சாக்கரோமைசஸ் பௌலார்டி பாக்டீரியாவே அல்ல, ஒரு ஈஸ்ட். 1920-களில் ஆன்றி பௌலார் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழங்களிலிருந்து பிரித்தெடுத்தது. ஈஸ்ட் என்பதால் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்வதில்லை.

10. "எங்க அப்பத்தா பழைய சோறு சாப்பிட்டே எண்பது வயசு இருந்துச்சு. நான் சாப்பிடலாமா?"

தாராளமாக. ஆனால் அளவோடு. சோற்றில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க வைத்தால் லாக்டிக் பாக்டீரியாக்கள் பெருகி, லேசான புளிப்பு வரும். சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி, எளிதில் செரிக்காத மாவுச்சத்தாக மாறுகிறது. அது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்திருக்கிறார்கள், ஆனால் அது குடல் அழற்சி நோய்க்காக. ஃபேட்டி லிவருக்கு அது மருந்து என்று யாரும் நிரூபிக்கவில்லை.

செய்யும் முறையில்தான் தப்பு நடக்கிறது. சூட்டோடு மூடி வைத்த சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடந்தால் பாசிலஸ் சீரியஸ் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி வாந்தியைக் கொண்டுவரும். வடித்த சோற்றை அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு, மண் சட்டியில் போட்டு, சோறு முங்கும் அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். எட்டு, பத்து மணி நேரம் போதும். மதுரைக் கோடையில் அதற்கு முன்னாலேயே புளித்துவிடும், மதியம் வரை விடாதீர்கள். வழவழப்போ கெட்ட வாடையோ வந்தால் கொட்டிவிடுங்கள்.

பழையது என்றாலும் அது அரிசிதான். சர்க்கரை உள்ளவர்கள் ஒரு கப் சோறு, அதோடு மோர், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஒரு கீரைப் பொரியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொரித்த மோர் மிளகாயும் வடகமும் தட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டால் பழைய சோற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

11. "இட்லி மாவு பொங்கி வழியுதே. அதுல இல்லாத பாக்டீரியாவா?"

மாவில் இருக்கும், இட்லியில் இருக்காது. உளுந்தும் அரிசியும் சேர்ந்த மாவைப் பொங்க வைப்பதில் லியூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்குப் பெரிய பங்கு. இட்லிச் சட்டியின் ஆவியில் அது செத்துவிடும். புளித்ததால் இட்லி எளிதில் செரிக்கும், சில சத்துகள் உடம்பில் நன்றாகச் சேரும். அந்த நன்மை அப்படியே இருக்கிறது. ஆனால் நார்ச்சத்து குறைவு. ஆறு இட்லி, தேங்காய்ச் சட்னி என்பதை மூன்று இட்லி, ஒரு பெரிய கிண்ணம் காய் போட்ட சாம்பார் என்று மாற்றினால் கல்லீரலுக்கு நல்லது.

இதே விதிதான் மோர்க் குழம்புக்கும். கொதித்தால் பாக்டீரியா போய்விடும். கொதிக்கக் கொதிக்கச் சோற்றில் தயிரைப் பிசைந்தாலும் பெரும்பகுதி போய்விடும். ஆறவிட்டுப் பிசையுங்கள், இல்லை தனியாக மோராகக் குடியுங்கள்.

12. "கடையில சின்ன பாட்டில்ல விக்கிற புளிச்ச பால் பானம் நல்லதா?"

அதில் இருக்கும் பாக்டீரியா உண்மையானது, பெயரும் எண்ணிக்கையும் தெளிவாகப் போட்டிருப்பார்கள். சர்க்கரையும் சேர்த்திருப்பார்கள். லேபிளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஃபேட்டி லிவருக்காகத் தினமும் வாங்கத் தேவையில்லை.

13. "அப்ப நல்ல பாக்டீரியா வளர என்னதான் சாப்பிடுறது?"

நார்ச்சத்து. வெளியிலிருந்து பத்து பாக்டீரியாவைக் கொண்டுவந்து விடுவதைவிட, உள்ளே இருப்பதற்குத் தீனி போடுவதில்தான் நம்பிக்கை தரும் ஆதாரம் இருக்கிறது. சீனாவில் 200 பேரை வைத்து நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், செரிக்காத மாவுச்சத்தை நாளுக்கு 40 கிராம் வீதம் நான்கு மாதம் கொடுத்தார்கள். கல்லீரல் கொழுப்பு கணிசமாகக் குறைந்தது. எடை குறைந்ததால் வந்த பலனைக் கழித்த பிறகும் குறைவு தெரிந்தது. அவர்கள் கொடுத்தது மக்காச்சோள மாவிலிருந்து எடுத்த பொடி. பழைய சோற்றில் இருப்பது அதில் சிறு பங்குதான், அதனால் 10-வது பதிலையும் இதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நாளுக்கு சுமார் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். என்னிடம் வருகிறவர்களின் சாப்பாட்டைக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் அதில் பாதிகூடத் தேறுவதில்லை. காரணம், தட்டில் மலை போலச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். இதைத் திருப்பிப் போடுங்கள். தட்டப்பயறு, மொச்சை, கொள்ளு, கொண்டைக்கடலை, பாசிப்பயறு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தினமும். வாழைத்தண்டு, வாழைப்பூ, அவரை, முருங்கைக்கீரை, அரைக்கீரை. சோற்றில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கம்பு, கேழ்வரகு, வரகு. சின்ன வெங்காயத்திலும் பூண்டிலும் பாக்டீரியா விரும்பும் நார்ச்சத்து உண்டு.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கூட்டினால் வயிறு உப்பி, "இந்தம்மா சொன்னதைக் கேட்டு வாயுத் தொல்லைதான் வந்துச்சு" என்று விட்டுவிடுவீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். பயறை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

14. "மதுரையில இருந்துக்கிட்டு பரோட்டாவும் ஜிகர்தண்டாவும் விடணும்னா எப்படிங்க?"

அடியோடு விடச் சொல்லவில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு மூன்று பரோட்டா, சால்னா, முடித்துவிட்டு ஒரு ஜிகர்தண்டா என்பது வாரத்தில் நான்கு நாள் நடந்தால், எந்த பாக்டீரியாவும் உங்களைக் காப்பாற்றாது. பரோட்டாவில் மைதாவும் எண்ணெயும் இருக்கிறது, குடல் பாக்டீரியாவுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஜிகர்தண்டாவில் சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் என்று மூன்று வழியில் சர்க்கரை வருகிறது. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அதைக் கையாளும் வேலை பெரும்பாலும் கல்லீரலுக்குத்தான், மிஞ்சினதை அது கொழுப்பாக்கிவிடும். பாட்டில் குளிர்பானங்களும் வடிகட்டின பழ ஜூஸும் இதே கணக்குத்தான்.

மாதம் ஒன்றிரண்டு முறை, வீட்டில் நாலு பேர் பகிர்ந்து சாப்பிடுங்கள். பரோட்டா என்றால் ஒன்று, கூட வெங்காயப் பச்சடி ஒரு கிண்ணம், சால்னாவில் மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிவிட்டு.

15. "பருத்திப் பால்ல கருப்பட்டிதானே போடுறாங்க? வெள்ளைச் சர்க்கரை இல்லையே?"

கல்லீரலுக்குக் கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் சர்க்கரைதான். அதில் இருக்கும் கொஞ்சம் தாதுச்சத்து இந்தக் கணக்கை மாற்றாது. இனிப்பைக் குறைத்துப் போடச் சொல்லி, எப்போதாவது அரை டம்ளர் குடிக்கலாம்.

16. "எவ்வளவு எடை குறைச்சா போதும்?"

இருக்கும் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி அடங்கும். 10 சதவீதத்தைத் தாண்டினால் தழும்புகூடப் பின்வாங்க வாய்ப்பு உண்டு. கியூபாவில் 293 பேரை ஓராண்டு கவனித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி நீங்கியது, 45 சதவீதம் பேருக்குத் தழும்பு குறைந்தது. எந்த கேப்ஸ்யூலும் இதன் பக்கத்தில்கூட வரவில்லை.

80 கிலோ உள்ளவருக்கு முதல் இலக்கு 4 கிலோ, அடுத்தது 8. வாரத்துக்கு அரை கிலோ, அதிகம் போனால் ஒரு கிலோ. பட்டினி கிடந்து தடாலடியாகக் குறைத்தால் கல்லீரலுக்கே கெடுதல். வாரத்துக்கு 150 நிமிடம் வேர்க்க நடங்கள். ரேஸ்கோர்ஸ் மைதானமோ, வண்டியூர்க் கண்மாய்க் கரையோ, உங்கள் தெருவோ, எங்கே என்பது முக்கியமில்லை. எடை குறையாவிட்டாலும் நடையால் கல்லீரல் கொழுப்பு ஓரளவு குறையும்.

17. "கீழாநெல்லி அரைச்சுக் குடிக்கிறேன். போதாதா?"

மஞ்சள் காமாலைக்குத் தலைமுறைகளாகக் கொடுத்து வந்த மூலிகை அது. தண்ணீர், உணவு வழியாக வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே சில வாரங்களில் சரியாகிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஃபேட்டி லிவரைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

மூலிகை என்றாலே தீங்கில்லை என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் கொடி குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். என்ன சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

18. "காபி குடிக்கலாமா?"

குடிக்கலாம். நாளுக்கு இரண்டு, மூன்று கப் காபி குடிப்பவர்களிடம் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சர்க்கரை இல்லாமல் என்பதுதான் நிபந்தனை.

19. "மருந்தே கிடையாதா? ஏதோ ஊசி வந்திருக்காமே?"

அமெரிக்காவில் ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரைக்கு 2024 மார்ச்சிலும், செமாக்ளூடைடு ஊசிக்கு 2025 ஆகஸ்டிலும் ஒப்புதல் கிடைத்தது. இரண்டுமே அழற்சியோடு ஓரளவு முதல் கடுமையான தழும்பு வரை உள்ளவர்களுக்கு, சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிச் சுருங்கும் நிலை, வருவதற்கு முன்னால். கிரேடு 1 ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டு வாங்கும் மருந்துகள் அல்ல. சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் குடல் பாக்டீரியாவை மாற்றுகிறது என்பது உண்மை, ஆனால் கல்லீரல் கொழுப்புக்கான மருந்தாக அதை வழிகாட்டிகள் சொல்வதில்லை. சர்க்கரைக்காக அதைத் தொடருங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஃபேட்டி லிவர் உள்ளவர்கள் அதிகம் இறப்பது கல்லீரல் கெட்டு அல்ல, மாரடைப்பு போன்ற இதய நோயால். ரத்தக் கொதிப்பு, கொலஸ்ட்ரால் மாத்திரைகளை "லிவர் கெட்டுடும்" என்று பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

20. "மலத்தை டெஸ்ட் பண்ணி எந்த பாக்டீரியா இருக்குன்னு சொல்றாங்களாமே? மலத்தையே மாத்தி வைக்கிறாங்களாமே?"

அந்த டெஸ்ட் ஆராய்ச்சிக்குப் பயன்படும். உங்கள் சிகிச்சையை அதை வைத்து முடிவு செய்யும் நிலை இன்னும் வரவில்லை. பணத்தை ஃபைப்ரோஸ்கேனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து நோயாளிக்குச் செலுத்தும் முறையைக் கனடாவில் 21 ஃபேட்டி லிவர் நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள், முடிவு 2020-ல் வந்தது. கல்லீரல் கொழுப்பு குறையவில்லை. குடல் கசிவு அதிகமாக இருந்தவர்களுக்குக் கசிவு குறைந்தது. 4-வது பதிலில் சொன்ன விஷயம் வெறும் கற்பனை இல்லை என்பது இதில் தெரிகிறது, சிகிச்சையாக மாற இன்னும் தூரம் இருக்கிறது.

21. "பலன் இல்லைன்னாலும் கெடுதல் இல்லையே, சும்மா சாப்பிட்டா என்ன?"

ஆரோக்கியமானவர்களுக்குப் பெரிய கெடுதல் இல்லைதான். எல்லோருக்கும் அப்படிச் சொல்ல முடியாது. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குப் புரோபயாட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-ல் வந்தது. புரோபயாட்டிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 6 சதவீதம் பேரும் இறந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், கழுத்து ரத்த நாளத்தில் ஊசிக் குழாய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது.

இஸ்ரேலில் வைஸ்மன் நிறுவனத்தின் 2018 ஆய்வு ஒன்றும் யோசிக்க வைக்கிறது. ஆன்டிபயாட்டிக் முடித்தவர்கள் புரோபயாட்டிக் சாப்பிட்டபோது, அவர்களுடைய சொந்த பாக்டீரியாக்கள் பழைய நிலைக்குத் திரும்புவது தாமதமானது.

22. "அப்பாவுக்கு சிரோசிஸ். லிவர் டாக்டர் பேதி மருந்து கொடுக்கிறாரு. மலச்சிக்கலே இல்லையே, எதுக்கு?"

அது அநேகமாக லாக்டுலோஸ் சிரப்பாக இருக்கும். குடல் பாக்டீரியாவும் கல்லீரலும் எவ்வளவு நெருக்கம் என்பது இங்கேதான் கண்ணுக்கு முன்னால் தெரியும். குடல் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகும். நல்ல கல்லீரல் அதை யூரியாவாக மாற்றி வெளியேற்றிவிடும். சுருங்கிப்போன கல்லீரலால் முடியாது. அம்மோனியா மூளைக்கு ஏறினால் பகலில் தூக்கம், ராத்திரி முழிப்பு, பேச்சில் குழப்பம், நீட்டிய கை பறவைச் சிறகு போல ஆடுவது, கடைசியில் நினைவு தப்புவது என்று போகும். லாக்டுலோஸ் பெருங்குடலில் அமிலத்தன்மையைக் கூட்டி, அம்மோனியாவை உறிஞ்ச முடியாத வடிவத்துக்கு மாற்றி, மலத்தோடு வெளியே தள்ளுகிறது. சிலருக்கு ரிஃபாக்ஸிமின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள். 6-வது பதிலில் கூடாது என்றேனே, இது மருத்துவர் தேர்ந்து கொடுக்கும் விதிவிலக்கு. குடலுக்குள்ளேயே தங்கி வேலை செய்யும் மருந்து அது.

நாளுக்கு இரண்டு, மூன்று முறை இளக்கமாகப் போகவேண்டும். அதுதான் சரியான அளவு. தண்ணீராக ஐந்தாறு முறை போனால் உடம்பு வறண்டு குழப்பம் இன்னும் கூடும், அளவைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். போகவே இல்லை என்றாலும் காத்திருக்காதீர்கள். பேச்சு தடுமாறினாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ அன்றைக்கே, அது நடுராத்திரியாக இருந்தாலும், பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்தில் உள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். சாப்பிடும் மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.